கடிதத்துக்கு ஒப்பாரி வைப்பவர்களும் கார்டு எழுதுபவர்களும்

கடிதம் இறந்துவிட்டது என்ற ஒப்பாரி நமது இலக்கியச் சூழலில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கேட்கிறது. மறைந்த எழுத்தாளர் ஒருவரின் கடிதத் தொகுப்பு வெளிவரும்போது ஒருமுறை. ஏதேனும் ஒரு தபால் சேவை நிறுத்தப்பட்ட செய்தி வரும்போது இன்னொரு முறை. மேடையில் பேசுபவரின் குரல் தழுதழுக்கிறது. நீல நிற இன்லண்டு லெட்டர், தபால்காரரின் சைக்கிள் மணி, திண்ணையில் காத்திருந்த மதியங்கள் என்று நினைவுகள் வரிசை கட்டி நிற்கின்றன. கூட்டம் முடிந்து தேநீர்க் கடைக்கு நடக்கும்போது, கடைசியாக எப்போது கடிதம் எழுதினீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்கு முன்னால் போய் நிற்கும்.

இதே நண்பர்களிடம், முன்பின் அறியாத வெளிநாட்டவர்களுக்கு அஞ்சலட்டை எழுதுவதும் அவர்களிடமிருந்து வருபவற்றைச் சேர்த்து வைப்பதும் என் வழக்கம் என்று சொன்னால், ஒரு புன்னகை தோன்றும். தீப்பெட்டிப் படம் சேர்க்கும் சிறுவனைப் பார்த்துப் பெரியவர்கள் உதிர்க்கும் புன்னகை அது. அந்தப் புன்னகைக்குப் பின்னால் சில வாதங்கள் இருக்கின்றன. அவை வாயால் சொல்லப்படுவதில்லை. ஆகவே மறுக்கப்படுவதும் இல்லை. அவற்றை வெளியே எடுத்து வைத்துப் பேசிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில், இந்தப் பரிமாற்றம் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பாவ்லோ மகல்யாய்ஸ் என்ற மாணவர் 2005 ஜூலையில் ‘போஸ்ட்கிராசிங்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் விதி எளிமையானது. நீங்கள் ஒரு முகவரி கேட்கிறீர்கள். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஓர் உறுப்பினரின் முகவரியும், நாட்டின் குறியெழுத்தோடு ஓர் எண்ணும் தரப்படுகின்றன. ஓர் அட்டையில் அந்த எண்ணைக் குறித்து, நாலு வரி எழுதி, தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுகிறீர்கள். அது போய்ச் சேர்ந்ததும் பெற்றவர் எண்ணைப் பதிவு செய்கிறார். உடனே, அட்டை பெறுவோர் வரிசையில் உங்கள் பெயர் சேர்கிறது. உங்களுக்கு எழுதப்போகிறவர் நீங்கள் எழுதியவர் அல்லர்; மூன்றாவது ஒருவர். நான் பின்லாந்துக்கு எழுதுகிறேன். எனக்கு எழுதுபவர் தைவான்காரராக இருப்பார். தொடக்கத்தில் ஐந்து முகவரிகள்தான் தருவார்கள். போகப் போக எண்ணிக்கை கூடும். அறுபது நாட்களில் போய்ச் சேராத அட்டை காலாவதி என்று குறிக்கப்படும். பிறகு மெதுவாகப் போய்ச் சேர்ந்தாலும் பதிவு செய்துகொள்ளலாம். 2008இல் பத்து லட்சத்தைத் தொட்ட இந்தப் பரிமாற்றம் இதுவரை ஏழு கோடி அட்டைகளுக்கு மேல் கடந்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, யாருக்கு எழுதுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. இரண்டு, நீங்கள் எழுதியவர் உங்களுக்குப் பதில் எழுதப்போவதில்லை. இந்த இரண்டும் குறைகள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். இதன் மொத்த மகிழ்ச்சியும் இந்த இரண்டில்தான் இருக்கிறது என்பது என் தரப்பு.

*

புன்னகைக்குப் பின்னால் இருக்கும் முதல் வாதம் இது: கடிதம் ஆழமானது, அஞ்சலட்டை மேலோட்டமானது. நாலு வரியில் என்ன சொல்லிவிட முடியும்?

இந்தக் குற்றச்சாட்டு அஞ்சலட்டையோடு கூடவே பிறந்தது. 1865இல் ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டீபன் என்ற பிரஷ்ய அஞ்சல் அதிகாரி, உறையில்லாத திறந்த தாள் ஒன்றை அஞ்சலில் அனுமதிக்கலாம் என்று ஜெர்மானிய நாடுகளின் அஞ்சல் மாநாட்டில் யோசனை கூறினார். அது ஏற்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒரு செய்தி பயணம் செய்வது நாகரிகமா என்ற தயக்கம் பலருக்கு இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1869 ஜனவரியில், வியன்னா நாளிதழ் ஒன்றில் எமானுவேல் ஹெர்மான் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதே யோசனையை வேறு வழியில் முன்வைத்தார். ஒரு சிறிய செய்தியைச் சொல்வதற்குத் தாள், உறை, முத்திரை அரக்கு, மரியாதைச் சொற்கள் என்று எவ்வளவு உழைப்பு வீணாகிறது என்பது அவருடைய கணக்கு. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரிய-ஹங்கேரி அஞ்சல் துறை உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. கடிதத்துக்கு ஐந்து குரோய்ட்சர் கட்டணம் என்றால் அட்டைக்கு இரண்டு. செய்தியின் உள்ளடக்கத்துக்கு அஞ்சல் துறை பொறுப்பல்ல என்று அந்த அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். எவ்வளவு அச்சம் பாருங்கள்!

ஆனால் மக்கள் அஞ்சவில்லை. அடுத்த ஆண்டே பிரிட்டன் அரைப் பென்னி அட்டையை வெளியிட்டது. 1879 ஜூலை 1 அன்று இந்தியாவுக்குக் காலணா அட்டை வந்தது. கடிதம் எழுதும் வசதியும் பழக்கமும் இல்லாதவர்களின் கைக்கு முதன்முதலாக அஞ்சல் வந்து சேர்ந்தது அப்போதுதான். உறை வாங்கக் காசில்லாதவர், நீளமாக எழுதத் தெரியாதவர், மணியார்டரும் கார்டும் தவிர வேறு தபாலே அறியாதவர் என்று எத்தனை பேர் இந்தச் சிறிய அட்டையின் வழியாகத் தம் சேதியைச் சொல்லிக்கொண்டார்கள். கடிதக் கலை அழிந்துவிட்டது என்று அன்றும் கனவான்கள் புலம்பினார்கள். அவர்களுடைய வாரிசுகள்தாம் இன்று நமது மேடைகளில் புலம்புகிறார்கள். ஆனால் அதே காலத்தில் கிளாட்ஸ்டன் போன்ற ஒரு பிரதமரும் பெர்னார்ட் ஷா போன்ற ஓர் எழுத்தாளரும் அட்டைகளாக எழுதித் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமது சூழலுக்கே வருவோம். வல்லிக்கண்ணன் 2006இல் மறைந்தார், தி.க.சி. 2014இல். இருவரும் நெல்லைச் சீமைக்காரர்கள். இருவரைப் பற்றிய எந்த அஞ்சலிக் கட்டுரையும் அவர்களுடைய அஞ்சலட்டைகளைக் குறிப்பிடாமல் முடிவதில்லை. ஏதோ ஒரு சிற்றிதழில் தன் முதல் கதையோ கவிதையோ வெளிவந்த, முன்பின் அறியாத ஓர் இளைஞருக்கு ஒரு கார்டு வரும். படித்தேன், நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள் என்ற அளவில் சில வரிகள். அவ்வளவுதான். அந்த வரிகளில் ஆழம் போதவில்லை என்று எவரேனும் சொன்னதுண்டா? அந்தக் கார்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களை நம்மில் பலருக்கும் தெரியும். முகமறியாதவருக்கு, பதிலை எதிர்பாராமல், திறந்த அட்டையில், நாலு வரி. தி.க.சி. எழுதினால் அது பண்பாடு. ஒரு போலந்து நாட்டுச் செவிலியர் எனக்கு எழுதினால் அது பொழுதுபோக்கா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வரும் அட்டைகளில் பல சாதாரணமானவை. ‘எங்கள் ஊரில் மழை. எனக்கு இரண்டு பூனைகள். மகிழ்ச்சியான அஞ்சல் பயணம் வாய்க்கட்டும்.’ இந்த வகை வாசகங்களை நூறு முறை படித்திருக்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1978இல் இத்தாலோ கால்வினோவுக்குச் சமர்ப்பித்து 243 அஞ்சலட்டை வாசகங்களை எழுதினார். ஊர், தங்குமிடம், வெயில், உணவு, முத்தங்கள் என்ற ஐந்து வகைச் செய்திகளை மாற்றி மாற்றி அடுக்கி உருவாக்கிய விளையாட்டு அது. அஞ்சலட்டையின் சலிப்பூட்டும் ஒருமையை அதைவிடக் கூர்மையாக யாரும் காட்டியதில்லை. ஆனால் அந்த வாசகங்கள் ஒரே கையால் எழுதப்பட்டவை. எனக்கு வரும் ஒவ்வோர் அட்டையும் வேறொரு கை எழுதியது. எழுத்தின் சாய்வு, மை கசிந்த இடம், இடம் போதாமல் விளிம்பில் ஏறி நெளியும் கடைசிச் சொல் ஆகியவை அந்த மழைக்கும் பூனைக்கும் ஒரு சொந்தக்காரரைத் தந்துவிடுகின்றன. இரவுப் பணியில் விடியற்காலை நான்கு மணிக்கு நோயாளிகள் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுவதாக அந்தப் போலந்துச் செவிலியர் குறிப்பிட்டிருந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எதுவும் தெரிய வேண்டியதும் இல்லை.

*

இரண்டாவது வாதம், இது பழமை ஏக்கம் என்பது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தம்மை நவீனர்கள் என்று கருதிக்கொள்பவர்கள்.

தொடங்கிய ஆண்டைப் பாருங்கள். 2005. மின்னஞ்சல் பரவலாகி, கடிதப் போக்குவரத்து சரிந்துகொண்டிருந்த காலம். யாருக்கு யார் எழுதுவது என்பதைக் கணினி தீர்மானிக்காவிட்டால் இந்தப் பரிமாற்றம் நடக்கவே முடியாது. பழைய பேனா நட்பு வேறு. அதில் வயது, விருப்பம், மொழி எல்லாம் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் கடிதமாக வளர்த்தார்கள். பெரும்பாலும் மூன்றாவது கடிதத்தோடு மௌனம் கவிந்தது. தற்செயலாகக் கிடைத்த ஒருவருக்கு ஒரே ஒருமுறை எழுதிவிட்டு நகர்ந்துவிடும் இந்த முறைக்கு இந்த அளவில் முன்னோடி கிடையாது. ஆகவே திரும்பிப்போக ஒரு பொற்காலமும் இல்லை. கையால் எழுதிய கடிதம் எதுவும் வீட்டுக்கு வந்து பார்த்திராத தலைமுறையைச் சேர்ந்த மாணவர்கள் இதில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்கள் எதை நினைத்து ஏங்குவார்கள்?

ஏங்குபவர்கள் எழுதாதவர்கள்தாம். இழந்தது என்று ஒன்றை அறிவித்துவிட்டால் அதற்காக எதுவும் செய்ய வேண்டிய கடமை தீர்ந்துவிடுகிறது. எழுதுகிறவருக்கு ஏக்கம் கொள்ள நேரமில்லை. தபால்தலை சரியான மதிப்புக்கு இருக்கிறதா, முகவரியில் அந்த நாட்டு வழக்கப்படி எண் முதலில் வருமா தெருப்பெயர் முதலில் வருமா, சீன எழுத்தில் அச்செடுத்து ஒட்டிவிடலாமா என்ற கவலைகளே அவருக்குப் போதும்.

*

மூன்றாவது வாதம்தான் உண்மையிலேயே பதில் சொல்லத் தகுந்தது. பட அஞ்சலட்டை காலனியத்தின் குழந்தை என்கிறார்கள். உண்மைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட அட்டை மோகம் உச்சத்தில் இருந்தது. செய்திக்கும் முகவரிக்கும் பின்பக்கத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் முறையை பிரிட்டன் 1902இல் அனுமதித்தது. அதன் பின் முன்பக்கம் முழுவதும் படத்துக்கு என்றாயிற்று. 1908-09 ஆண்டில் மட்டும் பிரிட்டிஷ் அஞ்சல் துறை 80 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளைக் கையாண்டது. அந்தப் படங்களில் யார் இருந்தார்கள்? அல்ஜீரியப் பெண்களை அரங்கு அமைத்து நிறுத்திப் படமெடுத்து பிரெஞ்சுக்காரர்கள் விற்ற அட்டைகளை ஆராய்ந்து மாலெக் அல்லூலா 1981இல் ஒரு நூலே எழுதினார். சென்னையும் விலக்கல்ல. ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனமும் வீல் அண்டு க்ளைன் புகைப்பட நிலையமும் வெளியிட்ட மதராஸ் அட்டைகள் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் போயின. கட்டடங்கள், கடற்கரை, கூடவே ‘நேட்டிவ்’ வகைமாதிரிகள். 2018இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வுப் பள்ளியில் சென்னை, பெங்களூர் அட்டைகளைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தினார்கள். காலனிய நகர வாழ்வின் வரலாற்றை அந்த அட்டைகளிலிருந்து படிக்க முடியும் என்பது அதன் அடிப்படை.

அந்த அட்டைகளின் குற்றம் எங்கே இருக்கிறது? படத்தில் இருந்த சலவைத் தொழிலாளிக்கோ மீனவருக்கோ அந்த அட்டையின் பின்பக்கம் கிடைக்கவில்லை என்பதில்தான். பின்பக்கத்தில் எழுதியவர் வெள்ளைக்காரர். படித்தவர் அவருடைய அத்தை. இடையில் பயணம் செய்த உருவம் ஊமை.

இன்றைய பரிமாற்றம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. சுற்றுலா போனவர் அனுப்புவதில்லை. அந்த ஊரில் வாழ்பவரே அட்டையைத் தேர்ந்தெடுக்கிறார், அவரே பின்பக்கத்தில் எழுதுகிறார். ஜெர்மனியிலிருந்து எனக்கு வந்த ஓர் அட்டையில் ஒரு தொழிற்பேட்டைச் சிற்றூரின் கடைத்தெரு இருந்தது. ‘இந்த ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இடது ஓரத்தில் தெரிவது நான் தினமும் ரொட்டி வாங்கும் கடை’ என்று எழுதியிருந்தார். எந்தச் சுற்றுலாக் கையேடும் அந்தக் கடையை எனக்குக் காட்டியிருக்காது.

ஏற்றத்தாழ்வு முற்றாக நீங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனி, ரஷ்யா, அமெரிக்கா, சீனா, தைவான் போன்ற நாடுகளின் உறுப்பினர்களே இதில் பெருங்கூட்டம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலிருந்து அட்டை வருவது அபூர்வம். தபால்தலைக்குச் செலவிடக் காசும், நம்பகமான அஞ்சல் துறையும், கதவு எண்ணோடு கூடிய முகவரியும் இருப்பவர்களின் விளையாட்டு இது என்ற விமர்சனத்தை மறுக்க முடியாது. ஆனால் அந்த விமர்சனம் வீட்டுக்கு வீடு முகவரியும் ஊருக்கு ஊர் தபால் நிலையமும் வேண்டும் என்று கேட்பதில் போய் முடிய வேண்டும். அட்டை எழுதுவதை நிறுத்தச் சொல்வதில் முடியக் கூடாது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் ஒன்றில் அந்த ஊரின் படம் போட்ட அஞ்சலட்டை வாங்க முயன்று பாருங்கள். புத்தகக் கடையில் சிரிப்பார்கள். அலைந்து திரிந்தால் தாஜ்மகாலும் மாமல்லபுரமும் கிடைக்கலாம். நமது பேருந்து நிலையம், குளத்தங்கரை, சந்தை எதுவும் அட்டையில் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் வெள்ளைக்காரர் நம் தெருவைப் படமாக்கி விற்றதைக் கண்டித்துக் கட்டுரை எழுதுகிறோம். அவர்கள் போன பிறகு நம் தெருவை நாம் படமாக்கிக்கொள்ளவில்லை என்பதைக் குறித்து ஒரு பத்தியும் எழுதவில்லை. நானே படமெடுத்து, புகைப்படக் கடையில் ஆறுக்கு நான்கு அங்குலத்தில் அச்சிட்டு, பின்னால் கோடு கிழித்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் லாரியின் முன் வரிசையாக நிற்கும் குடங்களின் படம்தான் இதுவரை அதிகமான விசாரிப்புகளைப் பெற்றது.

*

வெளியே இருந்து வரும் வாதங்கள் இவை. உள்ளே இருந்து வரும் கேடு வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் விளம்பரக் கட்டுரையாகிவிடும்.

சேகரிப்பாளர்களைச் சொல்கிறேன். தன்னைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் ஒருவர் எழுதுகிறார்: ‘கலங்கரை விளக்கம் மட்டும் அனுப்பவும். விளம்பர அட்டை வேண்டாம். கையால் செய்த அட்டை வேண்டாம். ஒரே அட்டையில் பல காட்சிகள் வேண்டாம். பின்பக்கத்தில் எதுவும் எழுதாமல் உறைக்குள் வைத்து அனுப்பினால் மகிழ்ச்சி.’ விருப்பத்தைச் சொல்லலாம், கட்டளையிடக் கூடாது என்பது அமைப்பின் நெறி. ஆனால் விருப்பப் பட்டியல்கள் நாளுக்கு நாள் நீள்கின்றன. கடைக்குக் கொடுக்கும் மளிகைச் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எழுதப்படாத அட்டையை உறையில் வைத்து அனுப்பச் சொல்பவர் அட்டையை விரும்பவில்லை. அட்டையின் படத்தை விரும்புகிறார். அதற்கு அச்சகம் போதும், மனிதர் தேவையில்லை.

சேகரிப்பதை நான் குறை கூறவில்லை. நானும் சேகரிப்பவன்தான். டெல்டியாலஜி என்று கிரேக்கப் பெயரெல்லாம் வைத்துக் கௌரவித்திருக்கிறார்கள். எப்படிச் சேகரிப்பது என்பதுதான் கேள்வி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 9,000 அஞ்சலட்டைகளைச் சேர்த்தார். அந்தத் தொகுப்பு இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிற்றூர்களின் முதன்மைத் தெரு, ரயில் நிலையம், ஆலை வாசல் என்று யாரும் இரண்டாம் முறை பார்க்காத காட்சிகள் அவரை ஈர்த்தன. பெயர் தெரியாத உள்ளூர்ப் புகைப்படக்காரர்கள் எந்தப் பாசாங்கும் இல்லாமல் எடுத்த படங்கள் அவை. எவன்ஸின் கலைப்பார்வையில் அவற்றின் தடத்தைப் பார்க்க முடியும். கிடைத்ததைப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண் அது. கேட்டதை மட்டும் பெறுகிறவருடைய கண் எதைக் கற்றுக்கொள்ளும்? அவரிடம் முன்னூறு கலங்கரை விளக்கங்கள் இருக்கும். முன்னூற்றொன்றாவது வரும்போது அவருக்கு என்ன நிகழ்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

என்னிடம் இருக்கும் அட்டைகளை நாடு வாரியாகவோ படம் வாரியாகவோ அடுக்குவதில்லை. வந்த தேதி வரிசையில் வைத்திருக்கிறேன். செருப்புத் தொழிற்சாலை ஒன்றின் விளம்பர அட்டைக்குப் பக்கத்தில் மாதா கோயில். அதற்கடுத்து ஒரு குழந்தை கிரேயானில் வரைந்த யானை. ஓர் அட்டையை எடுத்தால் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். தெரிதா 1980இல் எழுதிய ‘அஞ்சலட்டை’ நூல், ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் அவர் கண்ட ஓர் அட்டையிலிருந்து கிளைத்தது. அதில் சாக்ரடீஸ் உட்கார்ந்து எழுதுகிறார். பிளேட்டோ பின்னால் நின்று சுட்டிக்காட்டுகிறார். எழுதாதவர் எழுதுகிறார், எழுதியவர் நிற்கிறார். சேர வேண்டிய இடத்துக்குக் கடிதம் சேராமல் போகும் சாத்தியம் எப்போதும் உண்டு என்பது அவர் விடாமல் வலியுறுத்திய கருத்து. அறுபது நாள் கழிந்தும் பதிவாகாத என் அட்டைகளை எண்ணும்போது இந்தத் தத்துவம் எனக்கு மிக எளிதாகப் புரிகிறது.

*

இவ்வளவும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று கேட்கலாம். இதில் பணயமாக இருப்பது பொழுதுபோக்கைவிடப் பெரியது.

1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முன்பு குறிப்பிட்ட ஸ்டீபன்தான் அதன் முதன்மைச் சிற்பி. ஒப்பந்த நாடுகள் எல்லாம் சேர்ந்து கடிதப் போக்குவரத்துக்கு ஒரே நிலப்பரப்பு என்று அது அறிவித்தது. இந்தியா 1876இல் சேர்ந்தது. அதற்கு முன், ஒரு கடிதம் கடக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு. இனி அனுப்பும் நாடு ஒருமுறை கட்டணம் வசூலித்தால் போதும்; பெறும் நாடு தன் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏன் சேர்க்க வேண்டும்? ஒரு கடிதம் போனால் ஒரு பதில் வரும், கணக்கு சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான். 1969இல் டோக்கியோவில் நடந்த மாநாடு சேர்ப்புக் கட்டணம் என்ற முறைக்கு ஒப்புதல் தரும்வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் உலக அஞ்சல் அந்த நம்பிக்கையின் மேல்தான் ஓடியது. நீ எனக்கு எழுத வேண்டியதில்லை, யாரோ ஒருவர் எனக்கு எழுதுவார் என்ற போஸ்ட்கிராசிங் விதி அதே நம்பிக்கையின் தனிமனித வடிவம்.

அந்த ஒரே நிலப்பரப்பு இன்று விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது. 1624இல் தொடங்கிய டென்மார்க் நாட்டு அஞ்சலின் வழிவந்த அரசு நிறுவனம் 2025 முடிவோடு கடிதம் சேர்க்கும் பணியை நிறுத்திவிட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024இல் 11 கோடியாகச் சுருங்கின. ஒரு கடிதத்தின் கட்டணம் 29 குரோனாக உயர்ந்தது. தெருமுனைகளில் நின்ற சிவப்புத் தபால் பெட்டிகளைப் பிடுங்கி எடுத்தார்கள். கடிதம் இனி ஒரு தனியார் நிறுவனத்தின் பாடு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சிறு பொட்டலங்களுக்கான சுங்கவரி விலக்கை நீக்கியபோது 80க்கும் மேற்பட்ட அஞ்சல் நிர்வாகங்கள் அந்த நாட்டுக்கான சேவையை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தின. இந்தியா நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. நமக்குள்ளும் 2025இல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது.

நாலு கார்டு எழுதி இதைத் தடுத்துவிட முடியும் என்று சொல்ல நான் அப்பாவி அல்லன். ஏழு கோடி அட்டைகள் என்பது இருபது ஆண்டுக் கணக்கு; டென்மார்க் என்ற ஒரு சிறு நாட்டின் 2024ஆம் ஆண்டுக் கடிதங்களைவிட அது குறைவு. ஆனால் ஒரு பொதுச் சேவையை மூடுகிறவர்கள் எப்போதும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: யாரும் பயன்படுத்துவதில்லை. அந்த வாக்கியம் உண்மையாவதற்கு உதவுகிறவர்கள், அஞ்சல் சேவையின் மேல் கொண்ட காதலை மேடையில் மட்டும் வெளிப்படுத்துபவர்கள். கண்ணீரைத் தபால்தலையாக எந்த நாட்டு அஞ்சல் துறையும் ஏற்பதில்லை.

எங்கள் தெருத் தபால்காரர் என் அட்டைகளைப் படித்துவிட்டுத்தான் தருகிறார். படங்களைப் பார்ப்பதற்காக அடுத்த வீட்டுச் சுவரோரம் சைக்கிளை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ‘சார், பின்லாந்துல இன்னும் பனி உருகலையாம்’ என்று ஒருநாள் சொன்னார். 1865இல் நாகரிகமில்லை என்று ஒதுக்கப்பட்டது இந்தத் திறந்த தன்மைதான். அந்த அட்டையை எழுதியவருக்குத் தெரியாமலேயே அதற்கு இரண்டு வாசகர்கள். இலக்கியவாதிகளாகிய நமக்கு அதில் என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

உள்ளூருக்கு ஒரு கார்டின் விலை 50 காசு. வெளிநாட்டுக்கு ஒரு தேநீரும் வடையும் சாப்பிடும் செலவு. முகவரி கொடுக்க உலகம் முழுவதும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லையென்றால் உங்கள் தெருவில் இன்று காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்று எழுதுங்கள். எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். அடுத்த கடிதத் தொகுப்பு வெளியீட்டு விழாவில் உங்கள் குரல் தழுதழுக்குமானால், அதற்கு முந்தைய வாரம் ஓர் அட்டையாவது பெட்டியில் போட்டுவிட்டு மேடை ஏறுங்கள்.